தொடர்கதையின் பின்பக்கம்

நான் பைண்டிங் செய்கிறவன். கையில் வருகிற எதையும் படிப்பதில்லை. படித்தால் பிழைப்பு நடக்காது. ஒரு தடவை, கடையில் ஆள் இல்லாத மத்தியானத்தில், ஏனாத்தூர் காலேஜ் பிள்ளை ஒருவன் கொடுத்துவிட்டுப் போன ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் புரட்டிப் படித்தேன். முன்னால் இருந்த பக்கமே நடுவிலும் இருந்தது, கடைசியிலும் இருந்தது. பையன் வந்ததும் காட்டினேன். "அண்ணா, எங்க சாரே படிக்க மாட்டாரு. நீங்க ஏன் படிச்சீங்க?" என்று என்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டுப் போனான். அன்றோடு விட்டேன். எழுத்து நேராக இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா, அதோடு சரி. பச்சை ரெக்சின், பொன் எழுத்து, முதுகில் பேர். யார் எழுதினால் எனக்கென்ன.

ஆனால் நானும் எழுத்தாளன்தான். இப்படி நான் வீட்டில் சொன்னால் என் மனைவி மரியம்மாள் அடுப்படியில் இருந்தபடியே இருமுவாள். அவளுக்கு இருமல் வியாதி எதுவும் கிடையாது.

விஷயம் இதுதான். எங்கள் கல்யாணத்துக்கு முந்தி, நான் இதே காஞ்சிபுரத்தில் வேறொருவர் கடையில் பசை தடவிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு வாரப் பத்திரிகைக்கு அஞ்சலட்டையில் ஒரு ஜோக் எழுதிப் போட்டேன். வந்தது. சும்மா வரவில்லை, படம் போட்டு வந்தது. கீழே என் பேரும் ஊரும் வந்தது. நான் வாங்கிய புத்தகம் இரண்டு. ஒன்றைச் சிநேகிதன் படித்துவிட்டுத் தருகிறேன் என்று கொண்டுபோனான், அவன் இன்னும் படித்து முடிக்கவில்லை. இன்னொன்றின் மேல் அந்த வருஷத்து ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியது. பிறகு பத்திரிகையே நின்றுபோயிற்று. சென்னையில் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பார்த்தேன். அந்தக் கடைக்காரர்களுக்கு என் ஜோக் வந்த வாரத்தைத் தவிர மற்ற எல்லா வாரமும் இருந்தது.

ஜோக் இதுதான்:

"பீரோவைப் பூட்டிட்டேன்."

"சாவி எங்கே?"

"அதுவும் பத்திரமா உள்ளேதான் இருக்கு!"

கல்யாணமான புதிதில் மரியம்மாளிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "பூட்டின பெறவு சாவி எப்படி உள்ள போவும்?" என்று கேட்டாள்.

"ஜோக்கு மரியா."

"சரி, ஜோக்குதான். சாவி உள்ள இருந்தா எதை வெச்சுப் பூட்டினாங்க?"

எழுதும்போது அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை. அவள் விடவில்லை. "இதை ஒரு பத்திரிகைக்காரன் படம் வேற போட்டுப் போட்டான்னு சொல்றே. அவனுக்கு இந்த டவுட்டு வர்லியா?"

வரவில்லை என்றேன். அப்போ வந்திருக்காது என்றாள். டவுட்டைச் சொல்கிறாளா, ஜோக்கைச் சொல்கிறாளா என்று பார்த்தேன். ஜோக்கைத்தான் சொன்னாள்.

மரியம்மாள் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். பிஸ்கட்டை யார் எடுத்தது என்று மூன்று வயதுப் பிள்ளையின் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அவளிடம் ஒன்றை நிரூபிக்காமல் நம்பவைக்க முடியாது. ஆக எங்கள் வீட்டில் அந்த ஜோக் ஓர் அளவுகோல் ஆகிவிட்டது. கரண்ட் பில் கட்டிவிட்டேன் என்பேன். "அந்த ஜோக்கு வந்த மாதிரியா?" என்பாள். மாத்திரை போட்டுக்கொண்டேன் என்பேன். "ஜோக்கு மாதிரி போட்டுக்கினியா, நெஜமாவே போட்டுக்கினியா?" என் மகள் சிம்ரன் பேசக் கற்றுக்கொண்டபோது அம்மா, அப்பா, தண்ணி, அதற்கடுத்து "ஜோக்கா பா?" என்றுதான் கற்றாள். இப்போது ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். இன்னமும் அதைத்தான் கேட்கிறாள்.

வெளியே யாராவது என்னைப் பொய்யன் என்றால் சண்டை போடுவேன். வீட்டில் போட முடியாது. முப்பது வருஷமாக நிஜம் சொல்லிக்கொண்டிருக்கிறவனை வீட்டில் இருக்கிற இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு பொய்யன் என்கிறார்கள். வயிறு எரியுமா எரியாதா? எனக்கு எரிந்தது. அந்தப் பக்கம் ஒரே ஒரு தடவை கையில் கிடைத்தால் போதும், அவள் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

இந்த வருஷம் சித்திரையில், ப்ராஜெக்ட் சீசன் உச்சத்தில் இருந்தபோது, பிள்ளையார்பாளையத்திலிருந்து தில்லையம்மாள் வந்தார். பட்டு நெசவு வீட்டுக்காரர். வீட்டில் தறி ஓடுகிறது. வீட்டுக்காரர் பரமசிவமும் மகனும் தறியில் உட்காருகிறார்கள். மகள் வயிற்றுப் பேரன் பேத்திகளின் பாடப் புத்தகத்தை என்னிடம்தான் பைண்டிங்குக்குக் கொண்டுவருவார். என்னை "பைண்டரே" என்றுதான் கூப்பிடுவார். ஊரில் எல்லோரும் அப்படித்தான். கடைப் பலகையில் "சிம்ரன் பைண்டிங் ஒர்க்ஸ்" என்று இருப்பதால், சில பேர் என் பேரே சிம்ரன் என்று நினைத்துப் பிறகு வெட்கப்பட்டிருக்கிறார்கள்.

தில்லையம்மாள் ஒரு ஜவுளிக்கடைத் துணிப்பையைக் கவிழ்த்தார். உள்ளே தொடர்கதைத் தாள்கள்.

நம் பக்கத்தில் இது ஒரு வழக்கம். வாரப் பத்திரிகை வந்ததும் வீட்டில் எல்லோரும் படித்து முடித்து, பின்னை நெம்பி எடுத்து, தொடர்கதைத் தாளை மட்டும் கிழியாமல் உருவி வைத்துக்கொள்வார்கள். மிச்சம் பழைய பேப்பருக்குப் போகும். கதை முடிந்ததும் தாள்களை வரிசையாக அடுக்கி பைண்டிங்குக்குக் கொடுப்பார்கள். முன்பக்கம் கதை. பின்பக்கத்தில் எது அச்சாகியிருக்கிறதோ அது தானாகவே கூட வரும். கூந்தல் தைலம், வத்தக்குழம்பு, வார ராசிபலன். கதாநாயகி கிணற்றில் குதித்தாளா இல்லையா என்று தாளைத் திருப்பினால், முகப்பருவுக்குக் களிம்பு என்று இருக்கும்.

"அக்கா திருப்புட்குழியில கால ஒடச்சிக்கினு படுத்துக்கினு இருக்குதுபா," என்றார் தில்லையம்மாள். "போனைப் பார்த்தா கண்ணு எரியுதாம். இந்தக் கதையத்தான் கேக்குது. வெள்ளிக்கெழம வேணும்."

"இத்தினி வருஷமா இப்டியே தாளாவா வெச்சிருந்தீங்க?"

"மரப்பொட்டியில ஜரிகையோட வெச்சிருந்தேன். ஒரு தாள் கொறையாது. பாவுல இழை எண்ற மாதிரி எண்ணி வெச்சிருக்கேன். ஓரத்த மட்டும் ரொம்ப வெட்டிடாதேபா."

"எனக்கே சொல்றீங்களாம்மா?" என்றேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம், எனக்கே ஞாபகம் வந்து கொல்கிறது.

அவர் போனதும் கட்டைப் பிரித்தேன். முதல் தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதே பத்திரிகை. பேர் போட்டிருக்க வேண்டும் என்பதே இல்லை. அந்தப் பத்திரிகையில் அத்தியாயத் தலைப்பை அச்சு எழுத்தில் கோக்க மாட்டார்கள், ஓவியர் தூரிகையால் எழுதுவார். கதையில் மழை பெய்தால் எழுத்தும் நனைந்து வழியும். கதாநாயகிக்குக் கோபம் வந்தால் எழுத்துக்கு முனை முளைக்கும். அவள் பின்னல் பக்கத்தின் உச்சியில் தொடங்கிக் கீழ்வரைக்கும் வரும், கதை வரிகள் பின்னலுக்கு வழி விட்டு வளைந்து ஓடும். சிவப்பு மை மட்டும் எப்போதும் கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கும். உதடு ஓரிடத்தில், உதட்டுச் சாயம் ஓரிடத்தில். அந்தக் காலத்தில் அவளுக்காக உருகியவர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது கம்ப்யூட்டரில் எல்லாம் அச்சுப் பிசகாமல் விழுகிறது. யாருக்கும் யார் முகமும் ஞாபகம் இருப்பதில்லை.

மேல் ஓரத்தில் தேதி இருந்தது. வருஷத்தைப் பார்த்தேன். என் ஜோக் வந்த வருஷம்.

ஒரு வேலையும் வேண்டாம் என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகப் பின்பக்கம் திருப்ப ஆரம்பித்தேன். தைலம். கோலம். ஜோக், என்னுடையது இல்லை. திருச்சிக்காரர் ஒருவர் எழுதியது, சுமார்தான். மறுபடி தைலம்.

அந்த நேரம் பார்த்து ஏனாத்தூர் பிள்ளைகள் கும்பலாக வந்து இறங்கினார்கள். மத்தியானம் வைவாவாம். வெளியூரிலிருந்து எக்ஸாமினர் கிளம்பிவிட்டாராம், பாலுசெட்டிசத்திரம் தாண்டிவிட்டாராம். ஆளுக்கு ஒரு ரிப்போர்ட், அதில் ஆளுக்கு நாலு காப்பி. "அண்ணா ப்ளீஸ், அண்ணா ப்ளீஸ்" என்று ஒரே சத்தம். ஒரு பெண் அழுதேவிட்டாள். தொடர்கதைக் கட்டை அப்படியே தட்டி ஒதுக்கிவைத்தேன். எங்கே ஒதுக்கினேன் என்றால், தைக்கிற வரிசையில்.

அதற்கப்புறம் கை தன் வேலையைப் பார்த்தது. தையல், பசை, கட்டிங். தையல், பசை, கட்டிங். ரிப்போர்ட்டோடு ரிப்போர்ட்டாகத் தொடர்கதையும் மிஷினுக்குப் போயிருக்கிறது. இதில் இன்னொரு கூத்து. கதை பாதி ஓடும்போது, காகித விலை ஏறியதோ என்னவோ, பத்திரிகைக்காரர்கள் புத்தகத்தின் அளவைக் குறைத்திருந்தார்கள். முதல் பாதித் தாள்கள் பெரிசு, பின்பாதித் தாள்கள் சிறிசு. நிதானமாகச் செய்கிறவன் மேல்விளிம்பைச் சேர்த்து வைத்து, கீழே பெரிசை மடித்துவிடுவான், இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுவான். அவசரத்தில் செய்கிறவன் சிறிசுக்குச் சமமாக எல்லாவற்றையும் ஒரே வெட்டாக வெட்டுவான். எக்ஸாமினர் பாலுசெட்டிசத்திரம் தாண்டிவிட்டார். நான் ஒரே வெட்டாக வெட்டினேன்.

பிள்ளைகள் போன பிறகு டீ குடித்துவிட்டு, அட்டை ஒட்டும் முன் அத்தியாய எண் வரிசை சரியா என்று புரட்டினேன். ஐந்தாம் அத்தியாயத்தைத் திருப்பியதும் என் பீரோ நின்றது.

அதேதான். மீசை வைத்த புருஷன், இடுப்பில் கை வைத்த பொண்டாட்டி, நடுவில் பீரோ. கீழே மூன்று வரி ஜோக். என் மூன்று வரி. ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. எழுந்து நின்றேன், மறுபடி உட்கார்ந்தேன். சத்தம் போட்டுச் சிரித்தேன் என்று எதிர்க்கடைக்காரர் பிறகு சொன்னார்.

அதற்குப் பிறகுதான் பேரைத் தேடினேன். ஜோக்குக்குக் கீழே, பக்கத்தின் அடி விளிம்பில், "ஏ.யேசுதாஸ், காஞ்சிபுரம்" என்று இருக்க வேண்டும். அங்கே தாள் முடிந்திருந்தது. வெட்டுக்குத் தப்பியது எழுத்துகளின் தலைக்கு மேலே இருந்தது மட்டும். மூன்று புள்ளி, ஒரு சுழி. என் பேரிலும் ஊரிலும் சேர்த்து அவ்வளவுதான் மிச்சம்.

மிஷினுக்கு அடியில் கழிவுச் சாக்கைத் தேடினேன். இல்லை. வளையல் கடைக்காரர் மத்தியானமே வந்து, டப்பாவில் உடையாமல் அடைக்க வேண்டும் என்று கொண்டுபோய்விட்டார். அவர் கடைக்கு ஓடினேன். பாதிச் சரக்கு உத்திரமேரூருக்குப் போய்விட்டது என்றார். மீதி டப்பாக்களைத் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். எதுக்கு என்றார். என் பேர் உள்ளே இருக்கிறது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நானே திரும்பி வந்துவிட்டேன்.

சரி, ஜோக்காவது இருக்கிறதே என்று போனில் படம் எடுத்து மரியம்மாளுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"போன வாரம் மாதா கண்ணு சிமிட்ற வீடியோ வந்துச்சு. நான் அழுதுக்கினே முட்டி போட்டேன். சிம்ரன் வந்து, அம்மா இது ஏஐ-மா, கம்ப்யூட்டர்ல பண்றாங்கன்னுச்சு. மாதாவையே பண்றவன் பீரோவப் பண்ண மாட்டானா? நீ யார்கிட்ட குடுத்துப் பண்ணே? அப்புறம், பேரு எங்க?"

"நேர்ல வந்து தாளத் தொட்டுப் பாரு," என்று பதில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு டவுனில் மீட்டிங். அது முடிந்ததும் வீட்டுக்குப் போக ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோ ஏறும் முன் கடைக்கு வந்தாள். மேஜையைத் துடைத்து, ஐந்தாம் அத்தியாயத்தின் பின்பக்கத்தைத் திறந்து வைத்தேன். நினைத்துவைத்திருந்தபடி ஒரு வார்த்தை பேசாமல் நின்றேன்.

மரியம்மாள் முதலில் தாளை விரலால் தேய்த்தாள். முகர்ந்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், முன்பக்கத்துக் கதாநாயகியின் பின்னல் இந்தப் பக்கம் நிழலாகத் தெரிந்தது. ஓரத்தில் இருந்த தேதியைப் படித்தாள்.

"பழசுதான்," என்றாள்.

"இத எந்தக் கம்ப்யூட்டரும் பண்ண முடியாது மரியா."

"முடியாது," என்று ஒத்துக்கொண்டாள். "பேரு எங்க?"

மூன்று புள்ளியையும் ஒரு சுழியையும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். என்ன நடந்தது என்று சொன்னேன். எக்ஸாமினர், பாலுசெட்டிசத்திரம், வளையல் டப்பா, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரித்தான் கேட்டது.

அவள் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். குரலில் கேலி இல்லை. "இப்போதான் எனக்குப் புரியுது. நீ இந்தப் புஸ்தகத்துல இதைப் படிச்சிருக்கே. படிச்சுட்டு நான் எழுதினேன்னு சொல்லிட்டே. சின்ன வயசு, புதுப் பொண்டாட்டிகிட்ட பெருமையா சொல்லணும்னு தோணியிருக்கும். சொன்னப்புறம் மாத்திச் சொல்ல முடியல. பரவால்ல வுடு. இனிமே நான் கேக்க மாட்டேன்."

முப்பது வருஷம் கேலி செய்தபோதுகூட நான் தாங்கினேன். இப்போது மன்னித்துவிட்டாள். அதைத் தாங்க முடியவில்லை. ஆதாரம் கிடைத்தால் ஜெயிப்பேன் என்று நினைத்தேன். ஆதாரம் கிடைத்து, அதனால் நான் திருடனாகவும் ஆகி, அதற்கு மன்னிப்பும் கிடைத்தாகிவிட்டது. கத்தரிக்கோலை எடுத்து எதையோ வெட்டுகிறவன் மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் தில்லையம்மாள் வந்தார். மரியம்மாள் ஸ்டூலை அவருக்குத் தள்ளினாள். அவர் உட்கார்ந்து, புடவையைத் தட்டிப் பார்க்கிற மாதிரி புத்தகத்தை முதலிலிருந்து ஒவ்வொரு தாளாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஐந்தாம் அத்தியாயத்தில் கை நின்றது.

"ஏம்பா பைண்டரே, அவ்ளோ சொன்னேனே. பேர வெட்டிட்டியே."

"எந்தப் பேரும்மா?" என்று கேட்டது மரியம்மாள்.

"இங்க இருந்துச்சும்மா. யேசுதாஸ் பேரு."

எதிரே ஒரு ஷேர் ஆட்டோக்காரர் ஏனாத்தூர் ஏனாத்தூர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த யேசுதாஸ்?" என்றாள் மரியம்மாள்.

"யாரு கண்டா? ஏ.யேசுதாஸ், காஞ்சிபுரம்னு போட்டிருந்துச்சு. எங்க வூட்டுக்காரரு தறியில இருப்பாரு, நான் பக்கத்துல ஒக்காந்துக்கினு படிச்சுக் காட்டுவேன். கதை முடிஞ்சா பின்பக்கத்தையும் படிப்பேன். தைலத்தக்கூட வுடமாட்டேன். இந்த ஜோக்கப் படிச்சதும் மனுசன் சிரிச்சாரு பாரு, சிரிச்சு ஊடை நூலே அறுந்துபோச்சு." தில்லையம்மாள் தாளைத் தடவினார். "அவருக்கு ஒரு கெட்ட பழக்கம். எதையும் பத்திரமா வெக்கிறேன்னு வெச்சுட்டு அப்புறம் தேடுவாரு. ஜரிகையத் தேடுவாரு, கண்ணாடியத் தேடுவாரு. அன்னிலேருந்து எங்க வூட்ல அதுக்குப் பேரே யேசுதாஸ் வேலைதான். 'இன்னாயா, யேசுதாஸ் வேல பண்ணிட்டியா'ன்னுதான் கேப்பேன். புள்ளைங்க எல்லாம் அதையேதான் சொல்லும். மருமவ திரிஷா வந்து ஒரு வருஷம்தான் ஆவுது, அதுகூடச் சொல்லுது. யேசுதாஸ் யாருன்னு கேட்டா அதுக்குத் தெரியாது. எங்களுக்கே தெரியாது."

எனக்குச் சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. என் வீட்டில் என் ஜோக் என்றால் பொய். அங்கே, நான் வாசல் மிதித்திராத ஒரு வீட்டில், என் பேர் என்றால் முட்டாள்தனம். முப்பது வருஷமாகத் தினமும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குத்தான் கேட்கவில்லை.

மரியம்மாள் என்னைப் பார்க்கவில்லை. தில்லையம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குள் ஒன்று மிச்சம் இருந்தது. எனக்குத் தெரியும் அது என்னவென்று.

"ஏம்மா, எனக்கு ஒரு டவுட்டு. பூட்டின பெறவு சாவி எப்படி உள்ள போவும்?"

தில்லையம்மாள் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "படத்தப் பாருமா. அமுக்குப் பூட்டு."

மரியம்மாள் கண்ணாடியை மறுபடி போட்டாள். நானும் குனிந்தேன். பீரோவின் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு கொண்டி, அதில் ஒரு சின்னப் பூட்டு. சாவியே தேவைப்படாமல், அமுக்கினால் பூட்டிக்கொள்கிற ரகம். பூட்டைச் சுற்றி, இப்போதுதான் டொக்கென்று அமுக்கினார்கள் என்று காட்ட மூன்று கோடு. பீரோ கதவில், உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி. கண்ணாடிக்கு உள்ளே ஆணியில் சாவி தொங்குகிறது. எல்லாம் சுண்டுவிரல் நகம் அளவில்.

நான் அஞ்சலட்டையில் மூன்று வரிதான் எழுதினேன். அமுக்குப் பூட்டு என் யோசனையிலேயே இல்லை. எங்கேயோ ஓர் ஆபீஸில், வாரத்துக்கு எத்தனையோ ஜோக்குக்குப் படம் போட்டுத்தள்ளுகிற ஒரு மனுஷர், என் அஞ்சலட்டையைப் படித்துவிட்டு மரியம்மாளின் கேள்வியைக் கேட்டிருக்கிறார். கேட்டு, பதிலையும் வரைந்திருக்கிறார். படம் வந்த நாளில் நான் பார்த்தது என் பேரை. இந்த வாரம் கிடைத்தபோது நான் தேடியதும் என் பேரை. பூட்டை நான் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

மரியம்மாள் வெகு நேரம் அந்தப் பூட்டைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தில்லையம்மாளிடம், ரேஷன் கார்டில் இருக்கிற பேரைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அந்த யேசுதாஸ் இவருதாம்மா. எங்க வூட்டுக்காரரு. அவருதான் எழுதினாரு."

அவள் வாயால் சொன்னாள். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

தில்லையம்மாள் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். இத்தனை வருஷம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த ஆள் இவ்வளவு ஒல்லியாக இருப்பான் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். பிறகு கையிலிருந்த தாளின் அடி விளிம்பைப் பார்த்தார். மூன்று புள்ளி, ஒரு சுழி.

"அப்போ பேர வெட்டினது?"

"நான்தாம்மா."

"உம்பேர நீயேவா?"

"அவசரத்துல."

தில்லையம்மாள் தலையை ஆட்டினார். "யேசுதாஸ் வேலதான்," என்றார்.

மரியம்மாளிடமிருந்து முதலில் இருமல் மாதிரி ஒன்று வந்தது. இருமல் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் சிரிக்கிறாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர. எத்தனை தடவை அவளிடம் அந்த ஜோக்கைச் சொல்லியிருப்பேன், ஒரு தடவை உதடு அசைந்தது கிடையாது. அவள் இப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தில்லையம்மாளும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நான் மட்டும் சும்மா நின்றேன்.

அடங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, அதை இன்னொரு தபா சொல்லுங்களேன்."

தில்லையம்மாளிடம்தான் கேட்டாள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், என்னிடம் கேட்கவில்லை. பரவாயில்லை என்று இருந்துவிட்டேன்.

தில்லையம்மாள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். தாளைப் பார்க்காமலே சொன்னார். பீரோவைப் பூட்டினார், சாவியைக் கேட்டார், பத்திரமாக உள்ளே இருப்பதாகச் சொன்னார். அதோடு நிறுத்தவில்லை. கீழே இருந்த வரியையும் சேர்த்தே சொன்னார், பேரும் ஊருமாக.